மூன்றே வாரத்தில் சுருதி கலைந்த அப்ரைட் பியானோ: ஒரு நிகழ்வு ஆய்வு

கருவி 121 சென்டிமீட்டர் உயரமுள்ள அப்ரைட் பியானோ, அதாவது கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை. ஜப்பானில் செய்தது, அங்கே ஒரு வீட்டில் சில பத்தாண்டுகள் இருந்துவிட்டு செகண்ட் ஹேண்டாகச் சென்னைக்கு வந்தது. இப்போது சாந்தோம் பக்கம், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் முதல் மாடியில் இருக்கிறது. வீட்டுக்காரர் பியானோ டீச்சர். டிரினிட்டி கிரேடு தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார். பல வருடம் சுருதி சேர்க்காமல் கிடந்த பியானோவை ஒருவரை அழைத்துச் சேர்க்கச் சொன்னார். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. மூன்று வாரத்தில் கலைந்துவிட்டது. அதே ஆள் மறுபடி வந்து திறந்து பார்த்துவிட்டு, "பின் பிளாக் போயிடுச்சு, இனிமே எந்தச் சுருதியும் நிக்காது, வந்த விலைக்குத் தள்ளிடுங்க" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் டீச்சர், பியானோ சுருதி சேர்க்கும் என்னிடம் பேசினார்.

பின் பிளாக் என்பது கம்பிகளை இறுக்கும் முளைகளைப் பிடித்திருக்கும் மரப் பலகை. அப்ரைட் பியானோவைப் பொறுத்தவரை அது போய்விட்டது என்பது மரண தண்டனை. அதை மாற்ற வேண்டுமானால் கம்பிகளை எல்லாம் கழற்றி, இரும்புச் சட்டத்தை வெளியே தூக்க வேண்டும். அந்தச் செலவுக்கு இன்னொரு பழைய பியானோவே வாங்கிவிடலாம். ஆகவே அந்தத் தீர்ப்பை அளந்து பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும். சுருதி கலைவது ஒரே நோய் அல்ல. எந்தக் கம்பி, எந்தத் திசையில், எவ்வளவு நகர்ந்தது என்று குறித்து வைத்துப் பார்த்தால் காரணம் தானாகத் தெரியும். இந்தக் கருவியில் அப்படித்தான் தெரிந்தது.

எது எதைப் பிடித்து நிற்கிறது

88 கட்டைகளுக்கு ஏறக்குறைய 220 முதல் 230 கம்பிகள். மிகத் தாழ்ந்த சுரங்களுக்குச் செப்புச் சுற்றிய ஒற்றைக் கம்பி, அதற்கு மேலே இரட்டைக் கம்பி, நடுவிலிருந்து உச்சி வரை ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று எஃகுக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் சுமார் 70 முதல் 90 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுபட்டு நிற்கிறது. மொத்தமாகக் கூட்டினால் 18 டன்னை ஒட்டி வரும். இந்தச் சுமையை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்குகிறது.

சுருதியைப் பிடித்து வைப்பது ட்யூனிங் பின். 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு முளை அது. கடின மரத்தை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த பின் பிளாக்கில் அடித்து இறக்கியிருப்பார்கள். அதில் பூட்டும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. வீணையின் பிருடையைப் போல உராய்வு ஒன்றுதான் அதைப் பிடித்திருக்கிறது. கம்பி அந்தப் பின்னிலிருந்து கிளம்பி, அழுத்துபட்டை ஒன்றின் அடியில் வளைந்து, அதிர்வைக் கடத்தும் பிரிட்ஜ் என்ற மரக்கட்டையின் மேல் ஏறி இறங்கி, கீழே சட்டத்தில் மாட்டியிருக்கும். பிரிட்ஜ் ஒட்டியிருப்பது சவுண்ட்போர்டில். அது ஸ்ப்ரூஸ் மரப் பலகை, கம்பிகளை நோக்கி லேசாகப் புடைத்திருக்கும். கம்பிகள் எல்லாம் சேர்ந்து அந்தப் புடைப்பை அமுக்குகின்றன, பலகை எதிர்த்து நிற்கிறது.

நடுப்பகுதியில் ஒரு கம்பிக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு. சுருதியை 18 சென்ட் ஏற்ற, பின் திரும்ப வேண்டியது ஏறக்குறைய ஒரே ஒரு பாகை. (ஒரு அரைச்சுர இடைவெளியை நூறாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு சென்ட்.) அப்படியென்றால் ஒரு சென்ட்டுக்கு ஒரு பாகையில் பதினெட்டில் ஒரு பங்கு. பின்னைத் திருகும் லீவரைப் பிடித்துத் தள்ளும்போது பின்னின் வெளித் தலை முறுகும் அளவே இதைவிடப் பல மடங்கு. பியானோ சுருதி சேர்ப்பதில் இருக்கும் கஷ்டம் முழுக்க இந்த இடத்தில்தான். காதுக்குச் சரியாகக் கேட்கும் நொடியில் கையை எடுத்துவிட்டால், முறுகிய பின் தன் நிலைக்குத் திரும்பும்போது கம்பியையும் கூடவே நகர்த்திவிடும்.

மூன்று சந்தேகங்கள்

மேல் மூடியைத் திறந்ததும் முதல் சாட்சியம் கிடைத்தது. உட்புறத்தில் பென்சிலால் "ஏ4 425 – 440" என்று எழுதியிருந்தது. முன்பு வந்தவர் எழுதியது. ஏ4 என்பது சுருதிக்கு அளவுகோலாக வைக்கும் நடுப்பகுதிச் சுரம், 440 ஹெர்ட்ஸ் அதற்கு இன்று வழங்கும் அளவு. 425-இல் இருந்ததை 440-க்கு ஏற்றியதாகக் குறிப்பு. அது நல்ல பழக்கம். அடுத்து வருகிறவருக்கு அதைவிடப் பயனுள்ள குறிப்பு வேறு கிடையாது.

425 ஹெர்ட்ஸ் என்றால் 440-க்கு 60 சென்ட் கீழே, அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல். அங்கிருந்து 440-க்குக் கொண்டுவர ஒவ்வொரு கம்பியின் இழுவிசையையும் 7 சதவீதம் கூட்ட வேண்டும். மொத்தக் கருவிக்கும் சேர்த்தால் ஒரு டன்னுக்கு மேல் கூடுதல் சுமை. அது ஏற ஏற சவுண்ட்போர்டின் புடைப்பு அமுங்கும். அமுங்கினால் முதலில் ஏற்றி முடித்த கம்பிகள் தளரும். கடைசிக் கம்பியைச் சேர்த்துவிட்டு முதல் கம்பியைத் தட்டிப் பார்த்தால் அது ஏற்கெனவே இறங்கியிருக்கும். எனவே இவ்வளவு பெரிய ஏற்றத்தை ஒரே சுற்றில் முடிக்க முடியாது. முதல் சுற்றில் வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக ஏற்றி, பலகை அமுங்கி அது இறங்கி வந்த பிறகு, இரண்டாம் சுற்றில் நுணுக்கமாகச் சேர்க்க வேண்டும்.

"போன தடவை எவ்வளவு நேரம் ஆச்சு டீச்சர்?"

"மதியம் வந்தாரு தம்பி, சாயங்கால வகுப்புக்கு முன்னாடி முடிச்சிட்டாரு. போன்ல ஒரு ஆப் வெச்சு, ஒவ்வொரு கட்டையா பச்சை லைட் வர்ற வரைக்கும் திருகினாரு."

ஒரே சுற்று என்பது இதிலிருந்தே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஊகத்தோடு நிறுத்தாமல் கம்பி கம்பியாக அளந்தேன். ஒரே சுரத்தின் மூன்று கம்பிகளில் இரண்டை ரப்பர் ஆப்பால் அடைத்து, மூன்றாவதை மட்டும் ஒலிக்கவிட்டு எண்ணைக் குறிப்பது அலுப்பான வேலை. இருந்தாலும் இந்த ஆய்வின் உயிர்நாடி அந்தத் தாள்தான்.

சுருதி நகர்வதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றும் தாளில் தன் கைரேகையை விட்டுச் செல்லும். பின் பிளாக் தளர்ந்திருந்தால் தளர்ந்த பின்கள் தனித்தனியாக, பக்கத்துக் கம்பியோடு சம்பந்தமே இல்லாமல் இறங்கியிருக்கும். எப்போதும் இறங்கும், ஏறாது. பின்னைச் சரியாக நிலைநிறுத்தாமல் விட்டிருந்தால் ஒரே சுரத்தின் மூன்று கம்பிகளில் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இரண்டு பக்கமும் சிதறும். பலகை அமுங்கியதாலோ ஈரப்பதம் மாறியதாலோ நகர்ந்திருந்தால் ஒரு பகுதி முழுதும் சேர்ந்து நகர்ந்திருக்கும். வரைந்து பார்த்தால் வழவழப்பான வளைகோடு கிடைக்கும்.

தாளில் இருந்தது இது. நடுப்பகுதி முழுக்கச் சராசரியாக 18 சென்ட் கீழே, ஏ4 435.5 ஹெர்ட்ஸில் நின்றது. செப்புச் சுற்றிய தாழ்கம்பிகள் 6 முதல் 8 சென்ட் மட்டும் கீழே. அவை முடிந்து எஃகுக் கம்பி தொடங்கும் இடத்தில் 22 வரை. மேலே போகப் போக 20-ஐ ஒட்டி. கோடு வழவழப்பாகவே இருந்தது. ஏற்றிய 60 சென்ட்டில் 30 சதவீதம் திரும்பி இறங்கியிருக்கிறது. ஒரே சுற்றில் ஏற்றிய பியானோ எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே.

அதன் மேல் இன்னொன்றும் தெரிந்தது. ஒரே சுரத்தின் மூன்று கம்பிகளுக்குள் 3 முதல் 6 சென்ட் வரை வேறுபாடு, அதுவும் இரண்டு திசையிலும். டீச்சர் "புளிச்சுப் போன சத்தம்" என்று சொன்னது உண்மையில் இதைத்தான். மொத்தக் கருவியும் சேர்ந்து 18 சென்ட் இறங்கினால் தனியாக வாசிக்கிறவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒரே சுரத்துக்குள் 4 சென்ட் பிசகினால் யாருக்கும் காது கூசும்.

கடைசியாக, நடுத் தாழ்பகுதியில் ஐந்து கம்பிகள் மட்டும் 30 முதல் 50 சென்ட் வரை விழுந்திருந்தன. அவற்றின் அண்டைக் கம்பிகள் ஒழுங்காக இருந்தன. முறுக்குவிசை மானியைப் போட்டுப் பார்த்தேன். அந்த ஐந்து பின்களும் 30 அங்குல-பவுண்டுக்குக் கீழே சுழன்றன. மற்றவை 70-க்கும் 110-க்கும் இடையில். 50-க்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

"அப்போ பின் பிளாக் போகலையா தம்பி?"

"போகலை டீச்சர். அஞ்சு பின் தளர்ந்திருக்கு, அவ்வளவுதான். மத்ததெல்லாம் லீவரைப் போட்டா முனகுற அளவுக்கு இறுக்கம்."

220 பின்களுக்கு மேல் உள்ள கருவியில் ஐந்து தளர்ந்ததை வைத்து முழுப் பலகைக்கும் தீர்ப்பு எழுதுவது அநியாயம். இந்த ஊரில் நல்ல அப்ரைட்கள் பல இப்படித்தான் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. அதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

அறை

பியானோவுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஸ்பிளிட் ஏசி. காற்று வந்து விழுவது சரியாக மேல் மூடியின் மீது. மாலை வகுப்பு நேரத்தில் மட்டும் ஓடும். காலையில் கடல் காற்று வரட்டும் என்று ஜன்னல்கள் திறந்திருக்கும். ஒரு ஈரப்பதமானியை உள்ளே வைத்துவிட்டு வந்தேன். காலையில் 80 சதவீதத்தை ஒட்டியும், ஏசி ஓடிய ஒரு மணி நேரத்தில் 55-ஐ ஒட்டியும் காட்டியது. தினமும் இதே ஏற்ற இறக்கம்.

ஈரம் ஏறினால் சவுண்ட்போர்டு ஊதிப் புடைக்கும், கம்பிகள் இறுகும், சுருதி ஏறும். காய்ந்தால் இறங்கும். மரம் இதற்கு மெதுவாகத்தான் இணங்கும், நாட்கணக்கில். ஆனால் குளிர் காற்று நேராகக் கம்பியில் பட்டால் எஃகு சுருங்கி, சில நிமிடங்களிலேயே சுருதி ஏறிவிடும். மரம் ஒரு வேகத்திலும் எஃகு வேறொரு வேகத்திலும் நகர்வதால்தான் ஏசியை விட்டு விட்டுப் போடும் அறைகளில் பியானோ படாத பாடு படுகிறது. 50 சதவீதமோ 65 சதவீதமோ, ஒரே அளவில் நின்றால் கருவி பழகிக்கொள்ளும். ஊசலாட்டம்தான் கெடுதி.

வேலை தொடங்குவதற்கு முன்பே பியானோவை ஏசி காற்று நேரடியாகப் படாத உட்சுவருக்கு நகர்த்தச் சொன்னேன். வகுப்பு நடக்கும் அதே நிலையில், அதாவது ஏசி ஓடி அறை குளிர்ந்து நின்ற பிறகுதான் சுருதி சேர்ப்பேன் என்றும் சொல்லிவிட்டேன்.

கையில் இருந்த சாமான்கள்

லீவரில்தான் காசைப் போட வேண்டும். பின்னின் தலை சதுரமாக, நுனி நோக்கிச் சற்றுக் குறுகி இருக்கும். அதற்குப் பொருந்தும் எட்டுமுனை நட்சத்திரத் துளையுள்ள இரண்டாம் எண் முனை இந்த வகைப் பின்களுக்குச் சரி. முனை தளர்வாக உட்கார்ந்தால் பின்னின் மூலைகள் மழுங்கும். இடுக்கி, ஸ்பேனர், சாக்கெட் எதையும் பின்னில் வைக்கவே கூடாது. மலிவான லீவரில் தண்டு வளையும். பின் மரத்துக்குள் உண்மையிலேயே திரும்பியதா, அல்லது தலை மட்டும் முறுகியதா என்ற செய்தி கைக்கு வந்து சேராது. விறைப்பான தண்டு, நீளம் கொஞ்சம் அதிகம், இவை இருந்தால் போதும். அப்ரைட்டில் பின்கள் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக வெளியே நீட்டியிருப்பதால், லீவரைக் கடிகாரத்தின் 12-க்கும் 1-க்கும் நடுவில் நிறுத்திப் பிடிப்பேன். பக்கவாட்டில் தொங்கவிட்டுத் தள்ளினால் பின் திரும்புவதற்கு முன் வளையும். வளைந்த பின் பிறகு நிமிரும்போது சுருதியைக் கொண்டு போய்விடும், துளையையும் நீள்வட்டமாக்கிவிடும்.

அடைப்பான்களில், கம்பிகள் படுக்கைவாட்டில் கிடக்கும் கிராண்ட் பியானோவில் ரப்பர் ஆப்பே பெரும்பாலும் போதும். அப்ரைட்டில் கம்பிகளுக்கு முன்னால் சுத்தியல்களும் ஒலியை அடக்கும் டேம்பர்களும் வரிசையாக நிற்பதால் உச்சிப் பகுதியில் ஆப்பு நுழைய இடமே இருக்காது. அங்கே பாப்ஸ் மியூட் வேண்டும். நீண்ட கவைக்குச்சி போன்ற நைலான் சாதனம் அது. சுத்தியல் காம்புகளின் இடைவெளி வழியாக உள்ளே விட்டால் இரண்டு கால்களும் விரிந்து அக்கம்பக்கத்துக் கம்பிகளை அடைக்கும். நடுப்பகுதிக்கு நீளமான ஃபெல்ட் பட்டை. அதை மும்மூன்று கம்பிகளுக்கு இடையில் மடித்து மடித்துச் செருகிவிட்டால் ஒவ்வொரு சுரத்திலும் நடுக்கம்பி மட்டும் ஒலிக்கும்.

அப்புறம் 440 இசைக்கவை ஒன்று, போனில் பியானோவுக்கென்றே எழுதிய ஆப் ஒன்று. கிதார் ஆப்புக்கும் பியானோ ஆப்புக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தடித்த விறைப்பான கம்பியில் அடிச்சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மேற்சுரங்கள் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று சரியாக விழாது. ஒவ்வொன்றும் சற்று மேலே தள்ளி விழும். தாழ்கம்பிகள் குட்டையாக இருக்கும் அப்ரைட்களில் இது இன்னும் அதிகம். அதனால் கணிதத்தில் எழுதிய அதிர்வெண்ணுக்கே எல்லாக் கம்பியையும் நிறுத்தினால் ஸ்தாயிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. நன்றாகச் சேர்த்த பியானோக்களில் தாழ்கோடி கணக்குக்குக் கீழேயும் உச்சி கணக்குக்கு மேலேயும் விரிந்து நிற்பதை இயற்பியலாளர் ரெயில்ஸ்பேக் 1938-இல் அளந்து வரைந்தார். அந்த வளைகோடு இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. நல்ல பியானோ ஆப் அந்தந்தக் கருவியின் கம்பிகளை முதலில் அளந்து, அதற்கேற்ற விரிவைக் கணக்கிடும். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான என்ட்ரோபி பியானோ ட்யூனர் என்ற இலவச மென்பொருள்கூட இதைச் செய்யும்.

ஆப் வைத்துச் சேர்ப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். சுருதி எங்கே நிற்க வேண்டும் என்று ஆப் சொல்லும். அங்கேயே நிற்க வைப்பது கை.

440-க்கா, 435-லேயே விடுவதா

வேலைக்கு முன் டீச்சர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். இப்போது நிற்கிற 435-லேயே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி விட்டுவிடலாமா, கம்பிகளுக்குச் சிரமம் குறையுமே என்றார். 435 ஒன்றும் விநோதமான எண் அல்ல. பிரான்ஸ் 1859-இல் அதைத்தான் அதிகாரபூர்வமான சுருதியாக அறிவித்தது. 440 உலக அளவில் உறுதியானது 1939-இல் லண்டனில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான். நூறு வருடப் பழைய பியானோ, துருப்பிடித்த கம்பி என்றால் நானே 435 போதும் என்று சொல்லியிருப்பேன். இந்தக் கருவி 440-க்கென்றே வடிவமைத்தது, கம்பிகளும் ஆரோக்கியம். பிள்ளைகள் வயலினோடு சேர்ந்து வாசிக்கிறார்கள், பதிவுசெய்த பக்கவாத்தியத்தோடும் பயிற்சி செய்கிறார்கள். ஆகவே 440.

வேலை நடந்த விதம்

முதலில் தளர்ந்த ஐந்து பின்கள். இதற்கு வழிகள் பல உண்டு. பின்னை இன்னும் கொஞ்சம் உள்ளே அடித்து இறக்கலாம். இங்கே பின்னில் சுற்றிய கம்பிச் சுருளுக்கும் சட்டத்துக்கும் நடுவில் அதற்கு இடம் போதவில்லை. ஒரு அளவு தடித்த பின்னை மாற்றலாம். என்னைக் கேட்டால் அதுதான் சுத்தமான வேலை. ஆனால் கம்பியைக் கழற்றிச் சுருளை மறுபடி சுற்றும்போது பழைய கம்பி முறியும் அபாயம் உண்டு. மூன்றாவது வழி, தண்ணீர் போல மெல்லிய சயனோஅக்ரிலேட் பசையைப் பின்னின் அடியில் சொட்டவிட்டு மரத்துக்குள் ஊற வைப்பது. ஒரு முறை விட்டால் விட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது என்பதால் சிலருக்கு இது பிடிக்காது. பின்கள் நிறைய என்றால் பியானோவை மல்லாக்கப் படுக்க வைத்துத்தான் பசை விட வேண்டும். 220 கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவியை அதற்கான சாதனமும் ஆளும் இல்லாமல் சாய்க்கவே கூடாது. ஐந்தே பின்கள் என்பதால் நிறுத்தியபடியே, கீழே துணி வைத்து, ஊசி முனையால் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். அதன் ஆவி கண்ணையும் மூச்சையும் அரிக்கும், ஆகவே ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. மறுநாள் வரை யாரும் தொடவில்லை. பிறகு அளந்தபோது ஐந்தும் 60 அங்குல-பவுண்டைத் தாண்டியிருந்தன.

அடுத்து ஏற்றும் சுற்று. எந்தக் கம்பியையும் ஏற்றுவதற்கு முன் ஒரு மயிரிழை இறக்கினேன். பழைய கம்பி அழுத்துபட்டையில் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இறக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு விடுபடும். அப்படி விடுவிக்காமல் மேலே இழுத்தால் அந்த இடத்திலேயே முறியலாம். இந்தக் கருவியில் ஒரு கம்பிகூட முறியவில்லை.

18 சென்ட் கீழே நிற்கும் நடுப்பகுதியை 440-க்கு மேலே 4 அல்லது 5 சென்ட் வரை கொண்டுபோனேன், குறைவின் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு. உச்சிப் பகுதிக்கு இன்னும் சற்று அதிகம். செப்புச் சுற்றிய கம்பிகளுக்கு மிகக் கொஞ்சம். இந்தச் சுற்றில் நுணுக்கம் பார்க்கக் கூடாது. வேகமாகப் போக வேண்டும். எல்லாக் கம்பியும் ஏறிய பிறகு நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்தால் 440-க்கு 2 சென்ட் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வந்து உட்கார்ந்திருந்தது. பலகை தன் பங்கை எடுத்துக்கொண்டுவிட்டது.

நுணுக்கச் சுற்றைக் காதால் செய்தேன். ஏ4-ஐ இசைக்கவையோடு நேராக ஒப்பிடுவதைவிட, தாழ்வான எஃப்2-ஐ நடுவராக வைப்பது துல்லியம். எஃப்2-இன் ஐந்து மடங்கில் விழும் மேற்சுரம் ஏ4-க்குச் சற்றுக் கீழே இருப்பதால், இரண்டையும் சேர்த்து ஒலித்தால் நொடிக்கு மூன்றரை விம்மல் (ஒலி கூடிக் குறையும் அலைவு) அளவில் கேட்கும். இசைக்கவையோடு எஃப்2 எந்த வேகத்தில் விம்முகிறதோ, ஏ4-ஓடும் அதே வேகத்தில் விம்மினால் ஏ4 சரி.

பிறகு எஃப்3-இலிருந்து எஃப்4 வரை ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு சுரங்களையும் சமமாகப் பங்கிட வேண்டும். எஃப்3–ஏ3 என்ற மூன்றாம் சுர இடைவெளி (நம் ஸட்ஜம்–காந்தாரம் போல) நொடிக்கு ஏழு விம்மலை ஒட்டி. அரைச்சுரம் மேலே போகப் போக வேகம் ஆறு சதவீதம் கூட வேண்டும்: 6.9, 7.3, 7.8, 8.2 என்று. எண்ணிக்கையை யாரும் எண்ணுவதில்லை. வேகம் படிப்படியாகக் கூடுகிறதா, நடுவில் எங்காவது தடுக்குகிறதா என்றுதான் காது கேட்கும். பஞ்சமங்கள் ஏறக்குறைய அசையாமல், இரண்டு சென்ட் குறுகி நிற்கும்.

டீச்சரின் மகள் கர்நாடக சங்கீதம் பாடுகிறவர். நான் மூன்றாம் சுரங்களைச் சேர்க்கும்போது பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "அண்ணா, அந்தக் காந்தாரம் தூக்கலா இருக்கே" என்றார். கேட்ட காது சரியான காது. தம்புராவின் மந்தர ஸ்தாயிக் கம்பியிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிடப் பியானோவின் காந்தாரம் 14 சென்ட் மேலே நிற்கிறது. எல்லாச் சுரத்தையும் ஆதாரமாக வைத்து வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காகக் காந்தாரங்கள் எல்லாம் கொடுக்கும் விலை அது. நான் கேட்டுக்கொண்டிருந்த ஏழு விம்மலும் அந்த 14 சென்ட்டிலிருந்து வருவதுதான். தம்புராவோடு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொழில் சுலபமாகக் கைவரும் என்பது என் நம்பிக்கை. விம்மலைக் கேட்கும் பயிற்சி அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. பாரிசில் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, தானும் பார்வையற்றவரான கிளோத் மோந்தால், 1836-இலேயே சுருதி சேர்க்கும் முறையை நூலாக எழுதி, இதைப் பார்வையற்றோருக்கு ஒரு வாழ்வாதாரமாகவே ஆக்கினார். எந்தத் திரையும் இல்லாத காலம் அது.

ஒவ்வொரு கம்பியிலும் அதிக நேரம் போனது நிலைநிறுத்துவதில். வேண்டிய சுருதிக்கு ஒரு பொடி மேலே கொண்டுபோய், கட்டையை ஓங்கி அடித்து, அழுத்துபட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுவிசை சமமாகும்படி விட்டு, பிறகு மெதுவாகக் கீழே உட்கார வைப்பேன். அதன் பின் லீவரால் இரண்டு திசையிலும் லேசாகச் சீண்டிப் பார்ப்பேன். மேலும் கீழும் ஒரே அளவு அசைந்து, விட்டதும் அதே இடத்துக்குத் திரும்பினால் பின்னுக்குள் மிச்ச முறுக்கு இல்லை என்று பொருள். ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் விறைப்பாகவும் இருந்தால் அந்தக் கம்பி இன்னும் முடியவில்லை. போன முறை விட்டுப்போனது இந்தப் படிதான். பச்சை விளக்கு எரிந்த நொடியில் கை எடுத்திருக்கிறார்கள். ஒரு சுரத்துக்குள் 3 முதல் 6 சென்ட் சிதறல் வந்தது அதனால்தான்.

தாழ்கம்பியும் எஃகுக் கம்பியும் சந்திக்கும் இடம் முழுத் திருப்தி தரவில்லை. இந்த அளவு அப்ரைட்டில் அங்கே கம்பியின் நீளமும் விறைப்பும் சட்டென்று மாறுவதால், விம்மல் வேகம் வழவழப்பாக ஏறாமல் ஒரு படி தாண்டும். ஸ்தாயியைச் சுத்தமாக வைத்து, மூன்றாம் சுரங்களைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். வாசிப்பவர் காதுக்கு ஸ்தாயி பிசகினால்தான் முதலில் உறுத்தும்.

பிறகு நடந்தது

சில வாரம் கழித்து அதே ஏசி நிலையில், அதே தாளின் அடுத்த பத்தியில் அளவுகளைக் குறித்தேன். நடுப்பகுதி 2 சென்ட் இறங்கியிருந்தது. ஒரே சுரத்துக்குள் வேறுபாடு பெரும்பாலும் ஒரு சென்ட்டுக்குள். முன்பு மூன்றே வாரத்தில் புளித்துப்போன அதே பின்களும் அதே மரமும்தான் இவை.

வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு மறுபடி அளந்தேன். ஏ4 441-ஐத் தாண்டியிருந்தது, எஃகுக் கம்பி தொடங்கும் இடம் 8 சென்ட் மேலே. ஆனால் கோடு வழவழப்பு, சுரங்களுக்குள் சிதறல் இல்லை. இது மரம் ஈரம் குடித்த கதை. பின்னுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டீச்சர் இறக்கித் தரச் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். மழையில் ஏறியதை மழையிலேயே இறக்கினால், ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று அடிக்கும்போது அது இன்னும் கீழே போய் நிற்கும். மழை ஓய்ந்து காற்று நிலைப்பட்ட பிறகு, பொங்கலுக்கு அடுத்து ஒரு முறை சேர்ப்பது, அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது அதே மாதத்தில் சேர்ப்பது என்று பேசிக்கொண்டோம். கீழ்ப்பெட்டிக்குள் ஈரத்தை விரட்டும் சூட்டுத் தண்டு ஒன்றைப் பொருத்தவும் யோசனை இருக்கிறது. ஆனால் ஈரம் குறைந்ததும் தானே அணையும் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் அதைப் போட நான் சம்மதிக்கவில்லை. சூடு நிற்காமல் ஓடினால் சவுண்ட்போர்டு வெடிக்கும்.

பசை விட்ட ஐந்து பின்களில் நான்கு அப்படியே நிற்கின்றன. ஒன்று 12 சென்ட் இறங்கியிருக்கிறது, முறுக்குவிசையும் 40-க்குக் குறைந்துவிட்டது. அதற்கு இன்னொரு முறை பசை விடப் போவதில்லை. பொங்கலுக்குப் பிறகு வரும்போது அந்தப் பின்னைக் கழற்றி, ஒரு அளவு தடித்ததைப் போட வேண்டும். கம்பி முறிந்தால் மாற்ற, அதே தடிமனில் புதுக் கம்பி ஒன்றையும் கொண்டுபோக வேண்டும்.